துருவை மூடாதீர்கள், வெட்டி எடுங்கள்

பழைய அமெரிக்கப் பெரிய கார்களைப் புதுப்பிப்பவர்கள் பெயின்ட், குரோமிய வேலை, சீட் உறை, என்ஜின் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் பணத்தை இறக்குகிறார்கள். மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய சேசிஸ் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் கையிருப்பு தீர்ந்திருக்கும். அப்போது ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசி வேலையை முடித்துவிடுகிறார்கள். இந்த வரிசையே தலைகீழானது. துருவின் மேல் தகடு போடுவதைப் பழுதுபார்த்தல் என்று நான் ஏற்கமாட்டேன். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது பல நேரங்களில் மோசமானது.

1965-ஆம் ஆண்டின் செவர்லே இம்பாலாவை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே மாடல் ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சுமார் 5.4 மீட்டர் நீளம், ஏறத்தாழ 1,700 கிலோ எடை. பாடி தனி, சேசிஸ் தனி. ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்து போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது பாடி. 1958 முதல் 1964 வரை செவர்லேயின் பெரிய கார்களின் சேசிஸ், நடுவில் ஒடுங்கிப் பெருக்கல் குறி போல இருந்தது. 1965-இல் அது பயணிகள் அமரும் பகுதியைச் சுற்றி ஓரமாக ஓடும் சட்டமாக மாறியது. தரையை இரண்டு சட்டங்களுக்கும் இடையே தாழ்வாக இறக்க முடிந்ததால் உள்ளே இடம் கூடியது. ஆனால் ஓரத்துக்கு வந்த சட்டம் சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றுக்கும் நெருங்கி வந்தது. பின் அச்சுக்கு மேலே சட்டம் வில்லாக ஏறி இறங்கும் இடம்தான் இதில் மிகவும் பலவீனமானது. சேறு தங்குவதும் அங்கேதான், ஸ்பிரிங்கின் பாரமும் சக்கரத்தின் உதைப்பும் வந்து சேர்வதும் அங்கேதான்.

அந்தச் சேற்றில் உப்பும் இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் உண்டு. மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் பனிக்காலச் சாலைகளில் உப்பைக் கொட்டுவது பல பத்தாண்டு வழக்கம். உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் இருக்க முடியும் என்பதால் சாலைக்கு நல்லது. இரும்புக்கு அதே காரணத்தால் கேடு. பனி போன பிறகும் தொல்லை போவதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். பெட்டி போல மூடிய சட்டத்துக்குள் இந்த உப்புச்சேறு படிந்து, வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டு, கோடையிலும் உள்ளிருந்தபடி அரிக்கிறது. வெளியே ஓட்டை தெரியும்போது சுற்றிலும் உள்ள தகடு உட்புறமாக ஏற்கெனவே மெலிந்திருக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஈரம் புகும், காற்று எளிதில் புகாது. ஆக்சிஜன் குறைந்த அந்த உட்பகுதிதான் முதலில் கரையும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு கன அளவுக்கு ஊதி, தகடுகளையே பிளந்து தள்ளும்.

ஓட்டையின் மேல் தகடு போடுபவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று இதிலிருந்து புரியும். பழைய தகட்டுக்கும் புதிய தகட்டுக்கும் நடுவில் அதே மாதிரி இன்னொரு இடுக்கை உருவாக்குகிறார். வெல்டிங் சூட்டில் உட்புறத்தில் மிச்சமிருந்த பூச்சும் எரிந்துபோகிறது. வெளியிலிருந்து அதை யாரும் பார்க்க முடியாது. செல்லரித்த உத்திரத்துக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை இது. வலிமைக் கணக்கும் எதிராகவே நிற்கிறது. அந்தக் காலச் சேசிஸ் தகடு சுமார் 3 மில்லிமீட்டர் கனம். அது பாதியாக மெலிந்தால் அதே பாரத்தில் தகைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெல்டிங் மூட்டுகளில் தகைவு இரட்டித்தால், களைப்பால் விரிசல் விடும்வரை உள்ள ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. தடித்த ஒட்டுத்தகடு முடியும் விளிம்பில், மெலிந்த பழைய தகடு இந்தச் சுமை முழுவதையும் ஏந்த வேண்டியிருக்கிறது. ஒட்டுப்போட்ட சேசிஸ் முறியும்போது ஒட்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் முறிவதற்குக் காரணம் இதுவே.

சரியான வேலை சுத்தியலில் தொடங்குகிறது. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று அமுங்கும். ஐயமுள்ள இடத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து, எங்கே முழுக் கனம் திரும்பக் கிடைக்கிறதோ அங்கே கோடு போட வேண்டும். கண்ணை நம்பக் கூடாது: துரு ஊதுவதால், பயமுறுத்தும் தடித்த செதில் சிறிதளவு இரும்பிலிருந்து வந்திருக்கலாம், வழுவழுப்பான பெயின்டுக்கு அடியில் காகிதம் போல மெலிந்த தகடு இருக்கலாம். வெட்டுமுன் சேசிஸை அச்சுகள் தாங்கும் இடத்திலேயே முட்டுக் கொடுத்து, குறுக்குச் சட்டங்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, மூலைவிட்ட அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அரிப்பை எடுத்த கையோடு சேசிஸ் கோணிப்போகும்; பிறகு கதவு இடைவெளி எந்த ஜென்மத்திலும் சரிவராது. பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து உள்ளே சுத்தம் செய்த பிறகே புதுத் துண்டை அதே கனத்தில் வெட்டிப் பொருத்த வேண்டும், விளிம்போடு விளிம்பாக, சாய்வான கோட்டில். நேர்க்குறுக்காக வெட்டினால் வெல்டிங் கோடு முழுவதும் ஒரே இடத்தில் வளைவைத் தாங்க நேரும். சூடு ஓரிடத்தில் தேங்காமல் இருக்க, சிறு சிறு நீளமாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்து கோட்டை முழுமையாக்க வேண்டும். கடைசியில் வடிகால் துளைகளைத் திறந்து, நீண்ட குழாய் முனையால் உட்புறம் முழுக்க மெழுகுப் பூச்சு அடிப்பது அவசியம். இதைத் தவிர்த்தால் முந்தைய உழைப்பெல்லாம் சில பனிக்காலங்களுக்குத்தான் தாங்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முழுச் சேசிஸையும் மாற்றிவிடலாமே என்பது அவற்றில் வலுவானது. தன் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு வழக்கில் டொயோட்டா 2016-இல் செய்துகொண்ட உடன்பாடு அதைத்தான் சொன்னது: சுமார் 15 லட்சம் வண்டிகளுக்குப் பரிசோதனை, அரித்திருந்தால் புதுச் சேசிஸ், மதிப்பிடப்பட்ட செலவு 340 கோடி டாலர் வரை. ஆனால் அங்கே புதுச் சேசிஸைத் தயாரித்துத் தரக் கம்பெனி இருந்தது. இம்பாலாவுக்கு அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்தில் கிடைக்கும் பழையதைத்தான் பெரும்பாலும் தேட வேண்டும். பின் வளைவுகள் இரண்டும், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களும் ஒருசேரப் போயிருந்தால் அந்த வழியே சரி. அதை நான் மறுக்கவில்லை. அரிப்பு ஓரிரு முழ நீளத்தில் அடங்கியிருந்தால் வெட்டி இணைப்பதே போதும், காரின் சொந்தச் சேசிஸும் மிஞ்சும்.

பிரிட்டனின் வருடாந்திரத் தகுதிச் சோதனையே ஒட்டுத்தகட்டை ஏற்கிறதே என்று கேட்கலாம். ஏற்கிறது, ஆனால் தகடு சுற்றிலும் இடைவிடாத வெல்டிங்குடன், நல்ல இரும்பு வரை நீண்டிருக்க வேண்டும் என்கிறது. இன்னும் ஓராண்டு சாலையில் ஓடத் தேவையான குறைந்தபட்சத் தகுதி அது. அறுபது வயதுக் காரை இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்க நினைப்பவர் அந்தக் குறைந்தபட்சத்தில் நின்றுவிடக் கூடாது. துருவை மாற்றும் ரசாயனப் பூச்சுகள் மேற்பரப்புத் துருவுக்கு நல்லவை. போன இரும்பை அவை திருப்பித் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓட்டும் காருக்கு இவ்வளவும் தேவையா என்ற கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் செலவு உண்மையானது. 2009-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒரு 1959 செவர்லே பெல் ஏரைப் புது மாலிபுவோடு மோதவிட்டது. பழைய கார் நொறுங்கியதைப் பார்த்த பலர் சேசிஸ் துருப்பிடித்திருக்கும் என்றார்கள். சேசிஸ் நன்றாகவே இருந்தது என்று நிறுவனம் பதில் சொன்னது. நல்ல சேசிஸ் இருந்தே அந்தக் காலக் கட்டமைப்பு மோதலில் அவ்வளவுதான் தாங்கும் என்றால், அரித்த சேசிஸுக்கு விட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை. மெதுவாக ஓட்டுபவர் எதிரே வருபவரின் வேகத்தைத் தீர்மானிப்பதுமில்லை. செலவு கட்டுப்படாவிட்டால் பெயின்ட் வேலையை இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம். பிரைமரோடு ஓடும் கார் யாருக்கும் ஆபத்தில்லை.

மிச்சிகனில் கார்களுக்குக் காலமுறைப் பரிசோதனை கிடையாது. பிரிட்டனிலும், பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்கள் நாற்பது ஆண்டைக் கடந்துவிட்டால் 2018 முதல் கட்டாயச் சோதனைக்கு வர வேண்டியதில்லை. ஆகவே சேசிஸை வெட்டியவர் தான் அளந்த தகட்டுக் கனங்களையும், வெட்டுமுன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து, விற்கும்போது காரோடு கொடுக்க வேண்டும். வாங்குபவரும் குரோமியத்தைத் தடவிப் பார்க்குமுன் அந்தக் கோப்பைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சிறு சுத்தியலோடு காருக்கு அடியில் போக வேண்டும்.