சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு என்ன லாபம்?

அமெரிக்காவில் வயதானவர்களுக்கு வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ அமைப்புகள் பலவற்றில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. 2013-க்கும் 2015-க்கும் இடையில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலையே ஒரு பரிசோதனைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். எட்டு இடங்களில் காத்திருந்த அறுநூற்றுச் சொச்சம் பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வார நாட்களில் தினமும் சாப்பாடு வந்தது. இன்னொரு பிரிவுக்கு, உறையவைத்த சாப்பாட்டுப் பெட்டிகள் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்தன. மூன்றாவது பிரிவு வழக்கம்போலக் காத்திருந்தது.

அரசு நிதி பெறும் இந்தச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு வேண்டிய சத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. அது சூடாக வருகிறதா, உறைந்து வருகிறதா என்பது விதிக்குப் பொருட்டில்லை. ஆனால் பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தபோது அது பொருட்டாகத்தான் இருந்தது. சாப்பாடு கிடைத்தவர்களிடம் தனிமை குறைந்திருந்தது. அதிலும் தினமும் ஆள் வந்துபோன வீடுகளில்தான் பதற்றமும், இனிமேல் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா என்ற கவலையும் அதிகம் தணிந்திருந்தன. வேறுபாடு சாப்பாட்டில் இல்லையென்றால், அதைக் கொண்டுவந்தவரிடம்தான் இருக்க வேண்டும்.

அப்படிக் கொண்டுவருபவர்களில் பெரும்பகுதியினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களிலும் பலர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். வாங்குபவருக்கு எழுபத்தெட்டு என்றால் கொடுப்பவருக்கு அறுபத்தெட்டு இருக்கலாம். இந்த அறுபத்தெட்டு வயதுக்காரரின் உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறது?

இந்த ஏற்பாட்டின் வேர் இரண்டாம் உலகப்போர்க் கால இங்கிலாந்தில் இருக்கிறது. 1943-இல் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரில் பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பினர் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினார்கள். குழந்தைகளைத் தள்ளிப்போகும் பழைய வண்டிகளில் பாத்திரங்களை வைத்து, சூடு ஆறாமலிருக்க வைக்கோலையும் பழைய கம்பளித் தொப்பிகளையும் சுற்றி அடைத்தார்கள். 1954-இல் பிலடெல்பியாவில் தொடங்கியபோது தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பள்ளி மாணவர்கள். அதே ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்டில் முதல் சமையற்கூடத்தைத் தொடங்கிவைத்த டோரிஸ் டெய்லர், சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர். உதவி வாங்குபவர், உதவி செய்பவர் என்று மனிதர்களை இரண்டு வரிசையாக நிறுத்துவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு அவரே சாட்சி.

தொண்டு செய்பவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று எங்காவது படித்தால், முதலில் சந்தேகப்படுங்கள். மூன்று மாடி ஏறிச் சாப்பாடு கொடுக்கத் தெம்பு உள்ளவர்தானே அந்த வேலைக்கே வருகிறார்? ஆரோக்கியம்தான் தொண்டுக்குக் காரணமே தவிர, தொண்டு ஆரோக்கியத்துக்குக் காரணமில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. 2013-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் தன்னார்வலர்களிடம் இறப்பு விகிதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பரிசோதனைகள் அந்த நன்மையை உறுதிசெய்யவில்லை.

அதற்குப் பிறகு வந்தவற்றில் எனக்கு நம்பகமாகத் தெரிவது 2020-இல் எரிக் கிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஐம்பது வயதைத் தாண்டிய ஏறத்தாழ 13,000 அமெரிக்கர்கள். அவர்களுக்கு முன்பே இருந்த நோய்கள், வருமானம், படிப்பு, மனநிலை எல்லாவற்றையும் கணக்கில் கழித்துவிட்டு நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரமோ அதற்கு மேலோ, அதாவது வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரமாவது தொண்டு செய்தவர்களிடம் இறப்பு அபாயம் 44 சதவீதம் குறைந்திருந்தது. நடமாட்டத்தில் ஏற்படும் முடக்கமும் குறைவு. வாழ்வதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்ற உணர்வு கூடியிருந்தது. ஆனால் நீரிழிவு, ரத்த அழுத்தம், பக்கவாதம் போன்றவற்றில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இப்படிச் சில இடங்களில் ‘ஒன்றும் இல்லை’ என்று ஒப்புக்கொள்வதால்தான் மற்ற எண்களையும் நம்பத் தோன்றுகிறது.

குலுக்கல் முறைப் பரிசோதனைகள் எதிலுமே பலன் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. பால்டிமோர் நகரில் மூத்தவர்களை வாரம் பதினைந்து மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு உதவ அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து மூளையைப் படமெடுத்தபோது, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி, பள்ளிக்குப் போன ஆண்களிடம் சுருங்காமல் சற்றே வளர்ந்திருந்தது. கனடாவின் வான்கூவரில் பத்தாம் வகுப்பு மாணவர்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவ அனுப்பிப் பார்த்தார்கள். பத்தே வாரத்தில் அவர்கள் ரத்தத்தில் கொழுப்பும், அழற்சியைக் காட்டும் ஒரு புரதமும் குறைந்திருந்தன.

இவை பள்ளிக்கூடத் தொண்டு பற்றிய முடிவுகள். சாப்பாடு கொண்டுபோவதற்கும் இவை பொருந்தும், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். பணி ஓய்வுக்குப் பிறகு ஒருவர் முதலில் இழப்பது சம்பளத்தை அல்ல, நேரத்தின் வரையறையை. எழுந்திருக்கக் காரணம் இருக்காது. பதினொன்றரைக்கு ஒரு கதவைத் தட்டியாக வேண்டும் என்றால், எட்டு மணிக்குக் குளித்தாக வேண்டும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் அங்கே ஒருவர் பசியோடு காத்திருக்கிறார். பிறகு படிக்கட்டுகள், காரில் ஏறி இறங்குவது, பையைத் தூக்குவது. உடற்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்காததாலேயே பலரும் சலிக்காமல் செய்யும் உடற்பயிற்சி இது.

மூளைக்கும் ஓயாத வேலை. மூன்றாவது வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லாத பொட்டலம். ஐந்தாவது வீட்டு அம்மாவுக்கு இடது காது கேட்காது. அடுத்த வீட்டில் கதவு திறக்க மூன்று நிமிடம் ஆகும், அவசரப்பட்டுப் போய்விடக் கூடாது. நேற்றுக் கொடுத்தது குளிர்பெட்டியில் அப்படியே இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதா என்று கவனித்துச் சொல்லும்படி பல அமைப்புகள் தன்னார்வலர்களைப் பழக்குகின்றன. சிலவற்றில் இதைக் கைபேசிச் செயலியில் பதிவுசெய்ய வேண்டும். ஒருவர் கீழே விழுந்து கிடப்பதை அன்றைக்கு முதலில் பார்க்கப்போவது டாக்டர் அல்ல, பிள்ளைகள் அல்ல, இவர்தான்.

சரி, நல்லதுதான், உடம்புக்காக நாமும் போவோம் என்று கிளம்புபவர்களை ஓர் ஆய்வு சற்றே யோசிக்கவைக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-இல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் திட்டம் ஒன்று உண்டு. எதற்காகத் தொண்டு செய்கிறீர்கள் என்று 2004-இல் அவர்களிடம் கேட்டு வைத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் யார் யார் இறந்தார்கள் என்பதை அந்தப் பதில்களோடு ஒப்பிட்டுச் சாரா கோன்ராத் குழுவினர் 2012-இல் வெளியிட்டார்கள். மற்றவர்களுக்காகச் செய்கிறேன் என்றவர்களிடம் இறப்பு குறைவு. எனக்கு நல்லது என்பதால் செய்கிறேன் என்றவர்களின் நிலை, தொண்டே செய்யாதவர்களின் நிலையிலிருந்து வேறுபடவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் எந்தக் கணக்கில் வருவார்களோ!

நம் ஊரில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருட்களைக் கொண்டுவருகிறது. அரிசி வாசல்வரை வந்துவிடுகிறது, ஆனால் உலை வைக்கத் தெம்பில்லாதவர்களுக்கு அது சோறாவதற்கு இன்னொரு கை வேண்டும். அதே தெருவில் காலையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு மதியம்வரை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஓய்வூதியர்களும் இருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் செய்தால் போதும்? ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்டுக்கு நாற்பது மணி நேரத்துக்குள் மிதமாகச் செய்தவர்களுக்கே பலன் அதிகம் என்றது. மற்றவர்களோடு பேச்சுப் பழக்கம் குறைவாக உள்ளவர்களுக்கே அந்தப் பலன் கூடுதல் என்றும் அது கண்டது. கணவனையோ மனைவியையோ புதிதாக இழந்தவர்களைப் பற்றி 2018-இல் வந்த ஆய்வு கறாரானது. அந்த இழப்புக்குப் பின் வாரம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தொண்டில் இறங்கியவர்களின் தனிமை, துணையோடு வாழ்ந்துகொண்டே அதே அளவு தொண்டு செய்பவர்களின் அளவுக்கு இறங்கியது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகச் செய்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பும் ஒரு சுற்று பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், வாரத்தில் இரண்டு நாள் போனால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும்.