கனரகப் பயண மோட்டார் சைக்கிள்களில் பின்புற ஷாக் அப்சார்பர் தேர்வு

நெடுந்தொலைவுப் பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட கனமான மோட்டார் சைக்கிள்களில், பின் சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே அமைந்து பாதையின் அதிர்வை ஏற்கும் பகுதி பின்புற ஷாக் அப்சார்பர் ஆகும். ஒரு சுருள்வில்லும், அதன் அலைவைத் தணிக்கும் எண்ணெய் உருளையும் சேர்ந்ததே இது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் டூரிங் வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர்கள் உள்ளன. ஜப்பானின் ஹோண்டா கோல்டு விங் 1975இல் இரட்டை ஷாக் அப்சார்பருடன் அறிமுகமானது. பின்னாளில் வந்த ஜிஎல்1800 மாதிரியில் ஒன்று மட்டுமே உள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் ஹார்லி டூரிங் வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

சிக்கல் எங்கே எழுகிறது?

டூரிங் வண்டிகளின் பின் சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் மாதிரியைப் பொறுத்துச் சுமார் 50 முதல் 76 மில்லிமீட்டர் வரைதான். இருக்கை தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக இத்தூரம் குறைக்கப்பட்டுள்ளது. ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கும் இடையே அமர்கிறார். பின்னிருக்கைக்காரரோ ஏறத்தாழப் பின் அச்சின் மேலேயே அமர்கிறார். எனவே பள்ளத்தில் இறங்கும்போது முதுகில் அடி வாங்குபவர் பெரும்பாலும் அவரே. ஆனால் புதிய ஷாக் அப்சார்பர் வாங்கும்போது பலரும் தம் எடையை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர்.

பின்பெட்டிச் சுமைக்கு நெம்புகோல் விதி பொருந்தும். முன், பின் அச்சுகளுக்கிடையே 1625 மில்லிமீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 300 மில்லிமீட்டர் பின்னால் 20 கிலோகிராம் வைத்தால், பின் சக்கரத்தில் ஏறும் கூடுதல் சுமை 20 அல்ல, ஏறக்குறைய 23.7 கிலோகிராம். முன் சக்கரத்தின் சுமை 3.7 கிலோகிராம் குறைகிறது. கனமான பொருள்களைப் பக்கப் பெட்டிகளின் அடியில் வைப்பது நல்லது என்பதன் காரணம் இதுதான்.

சுருள்வில்லும் முன்னழுத்தமும்

சுருள்வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசையே அதன் சுருள்வில் மாறிலி. முன்னழுத்தம் (பிரீலோட்) என்பது வண்டியில் சுமை ஏறுவதற்கு முன்பே வில்லைச் சற்று அமுக்கி வைப்பது. முன்னழுத்தத்தைக் கூட்டினால் வில் கடினமாகிவிடும் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. வண்டியின் பின்பகுதி உயர்கிறதே தவிர, சுருள்வில் மாறிலி மாறுவதில்லை.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். பக்கத்துக்கு 20 நியூட்டன்/மி.மீ. மாறிலியுள்ள இரண்டு விற்கள் இருப்பதாகக் கொள்வோம். அவை இணையாகச் செயல்படுவதால் மொத்தம் 40. சக்கரத்தின் இயக்கத் தூரம் 75 மில்லிமீட்டர். சக்கரம் நகரும் அளவே வில்லும் அமுங்குவதாக எளிமைக்காக எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுபவர் மட்டும் அமர்ந்தால் 25 மில்லிமீட்டர் அமிழ்கிறது, மீதி 50. பின்னிருக்கைக்காரரும் மூட்டைகளுமாகச் சுமார் 1000 நியூட்டன் பின் சக்கரத்தில் ஏறினால் மேலும் 25 அமிழும். பள்ளத்தைத் தாங்க எஞ்சுவது 25 மில்லிமீட்டர் மட்டுமே. அது தீர்ந்ததும் ரப்பர் தடுப்பில் மோதும் 'தட்' என்ற அடி நேரே முதுகெலும்புக்குப் போகிறது.

இப்போது முன்னழுத்தத்தை 25 மில்லிமீட்டர் கூட்டினால் வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஆனால் அதே அமைப்பில் ஓட்டுபவர் தனியே சென்றால் அமிழ்வே இருக்காது. சக்கரம் குழிக்குள் கீழிறங்கித் தரையைத் தொடர முடியாமல் பிடிப்பை இழக்கும். விற்களை 30 நியூட்டன்/மி.மீ. கொண்டவையாக மாற்றினால், அதே 1000 நியூட்டனுக்கு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான் அமிழும். தனிப் பயணத்துக்கும் இருவர் பயணத்துக்கும் இடையேயான வேறுபாடு குறையும்.

அமிழ்வை அளத்தல்

பணம் செலவழிக்கும் முன் ஒரு அளவு நாடாவும் உதவிக்கு இருவரும் போதும். பின் அச்சிலிருந்து நேர் மேலே உடற்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து, சக்கரம் தரையைத் தொடாதபோது ஒருமுறை, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒருமுறை, வழக்கமான சுமையுடன் ஆட்கள் அமர்ந்தபின் ஒருமுறை என மூன்று முறை அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் மூன்றாம் அளவுக்கும் உள்ள வேறுபாடு, மொத்த இயக்கத் தூரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது பொதுவான வழக்கு.

அந்த அளவு கிடைக்கும்படி முன்னழுத்தத்தை அமைத்தபின் இரண்டாம் அளவைப் பார்க்க வேண்டும். ஆளில்லாத வண்டி சிறிதும் அமிழாமல் நின்றால் வில் மிக மென்மையானது; முன்னழுத்தத்தால் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டுள்ளது. ஆளில்லாமலே மிகுதியாக அமிழ்ந்தால் வில் தேவைக்கு மேல் கடினமானது. முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இவ்விதி, மேற்கண்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

தணிப்பு

இயற்பியல் பாடத்தில் வரும் தடையுறு அலைவே இங்கு நடப்பது. தணிப்பு குறைந்தால் ஒரு மேட்டைக் கடந்தபின் வண்டி படகுபோல் இரண்டு மூன்று முறை ஆடும். மீளும் திசையில் தணிப்பு மிகுந்தால், அடுத்தடுத்த மேடுகளுக்கிடையே வில் விரிய நேரமின்றி வண்டி படிப்படியாகத் தாழும். கடினமான வில்லைப் போட்டுவிட்டுப் பழைய எண்ணெய் உருளையையே வைத்திருந்தால், அந்த வில்லின் மீள்விசையைக் கட்டுப்படுத்த அதற்கு வலு போதாமல் போகலாம்.

வகைகள்

ஹார்லி டூரிங் வண்டிகளில் நெடுங்காலம் காற்றழுத்தத்தால் சரிசெய்யும் ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம்; ஆனால் தணிப்பு மாறாது, முத்திரைகள் தேய்ந்தால் காற்று கசியும். காற்றறையின் கொள்ளளவு மிகச் சிறிது என்பதால் பெட்ரோல் நிலையத்து அழுத்தியைப் பயன்படுத்தக் கூடாது, கைப்பம்புதான் ஏற்றது. 2017 மாதிரி ஆண்டில் இவ்வரிசைக்கு, ஒரே குமிழைத் திருகி நீரியல் முறையில் முன்னழுத்தத்தை மாற்றும் ஷாக் அப்சார்பர்கள் வந்தன. இவை எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருக்கும் எமல்ஷன் வகை. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் இவ்வகையில் எண்ணெய் சூடேறி நுரைத்துத் தணிப்பு தளரக்கூடும். நைட்ரஜனை மிதக்கும் பிஸ்டனால் தனியே பிரித்து வைக்கும் வகையில் இக்குறை குறைவு, விலை கூடுதல். வெளிக்கலன் உள்ளவை வெப்பத்தை இன்னும் எளிதில் வெளியேற்றும். எப்போதாவது ஊருக்குப் போய்வருபவருக்கு அவ்வளவு தேவையில்லை.

உயரமும் சுமை வரம்பும்

அழகுக்காகவோ கால் எட்டுவதற்காகவோ குட்டையான ஷாக் அப்சார்பர் பொருத்துவோர் உண்டு. வளைவில் கால்தளம் விரைவில் தரையில் உரசும். டயர் மட்கார்டின் உட்புறத்தைத் தொடலாம். முகப்பு விளக்கு மேல்நோக்கும். பக்கத் தாங்கியில் நிற்கும்போது வண்டி செங்குத்தாக நிமிர்ந்துவிடுவதால், மறுபக்கம் சாயும் ஆபத்தும் கூடுகிறது. இயக்கத் தூரம் ஏற்கெனவே போதாத வண்டியில் இந்த மாற்றம் தவிர்க்கத்தக்கது.

விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் பொருத்துவதால் வண்டியின் சுமை வரம்பு உயர்வதில்லை. அது டயர், பிரேக், சட்டகம் ஆகியவற்றையும் பொறுத்தது. சுமார் 409 கிலோகிராம் எடையும் 617 கிலோகிராம் மொத்த வரம்பும் உள்ள ஒரு டூரிங் வண்டியில் மீதி 208 கிலோகிராம். 90, 75 கிலோகிராம் எடையுள்ள இருவர் அமர்ந்தால் மூட்டைகளுக்கும் தலைக்கவசங்களுக்கும் கூடுதல் உதிரிகளுக்கும் சேர்த்து எஞ்சுவது 43 கிலோகிராம். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய எண்ணைச் சட்டகத்தில் உள்ள தகட்டில் காணலாம். டயர் காற்றழுத்தம், ஸ்விங் ஆர்ம் புஷ்களின் தேய்மானம் ஆகியவற்றையும் மாற்றத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வண்டி ஆடுவதற்கு இவையும் காரணமாக இருக்கலாம்.