செத்தவருக்கு வைத்த நெல்

பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில், மலையின் காலடியில் இருக்கிறது பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடந்தது. ஓர் ஈமக்குழியில் நான்கு கால் வைத்த சாடி கிடைத்தது; அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். தமிழ் பிராமியில் ‘வய்ர’ என்று கீறிய பானைத்தாங்கியும் அங்கேயே இருந்தது. நெல்லை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று விடை வந்தது.

உடனே எழுத்தைப் பற்றிய வாதம் சூடுபிடித்தது. நாளிதழ்கள் பேசியதும் அதைத்தான். எனக்கோ அந்த நெல்தான் பெரிய புதிர். செத்தவருக்கு நெல் எதற்கு? உடம்பு போன பிறகும் பசிக்கும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நம்பியவர்தானே சாடியை நிரப்பிக் குழியில் இறக்குவார்? பழனி மலையின் மேலே தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கங்களில் இருக்கும் கல்திட்டைகளும் இறந்தோர்க்கு எழுப்பியவையே. தென்னிந்தியாவின் இத்தகைய ஈமச்சின்னங்கள் பலவற்றில் பக்கப் பலகைக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். எலும்பையும் படையலையும் பிறகு உள்ளே இடுவதற்கு என்பது ஒரு விளக்கம். உயிர் வந்துபோகும் வாசல் என்பது இன்னொன்று.

அந்த நெல் அறுவடையானபோது ஏதென்ஸில் சாக்ரடீஸ் இன்னும் பிறக்கவில்லை. கி.மு. 399இல் அவர் நஞ்சு குடிக்கவிருந்த அன்று, உங்களை எப்படிப் புதைப்பது என்று நண்பர் கிரிட்டோ கேட்டதாகவும், என்னைப் பிடிக்க முடிந்தால் உங்கள் விருப்பப்படி புதையுங்கள் என்று அவர் சிரித்ததாகவும் பிளேட்டோ எழுதுகிறார். உடம்பு வேறு, தான் வேறு என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட ஆன்மாவுக்குச் சோறு வேண்டியதில்லை. பொருந்தல்காரர்கள் அதை ஒப்பியிருக்க மாட்டார்கள்.

மனிதருக்குள் நடக்கும் இழுபறியைச் சொல்ல பிளேட்டோ தேரைப் பிடித்தார்: ஓட்டுபவர் அறிவு, குதிரைகள் இரண்டில் ஒன்று சாது, ஒன்று முரடு. கட உபநிடதத்திலும் தேர் வருகிறது. அங்கே உடம்பு தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். ஆன்மா சும்மா அமர்ந்திருக்கும் பயணி. மூன்றாவது தேரை ஓட்டி வந்தவர் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி. கிரேக்க மன்னன் மெனாண்டரிடம், பாலி நூலில் மிலிந்தன், அவர் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் கூடியிருக்கும்போது வழங்கும் பெயர்தான் தேர். ‘நான்’ என்பதும் அப்படியே. முதல் இரண்டு தேர்களிலும் உள்ளே ஆள் உண்டு. மூன்றாவதில் ஆளே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் காலித்தேர்தான்.

ஆனால் நெல்லுக்கு உயிர் உண்டா? இதை மேற்சொன்ன மூவரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கவனித்தவர் அரிஸ்டாட்டில். உயிர் எங்கே போகிறது என்பதைவிட, உயிர் என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார். உண்டு வளர்ந்து இனம் பெருக்குவது செடியின் உயிர். விலங்குக்கு அத்துடன் புலனுணர்வும் அசைவும். மனிதருக்கு மேலும் சிந்தனை. தொல்காப்பிய மரபியலும் படி வைக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, மேலே போகப் போக ஒவ்வொன்று கூடி, மனத்தோடு மனிதருக்கு ஆறு. வேறுபாடு அடிப்படியில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் செடிக்குத் தொடுவுணர்வு கொடுக்கவில்லை. தொல்காப்பியர் அதைத்தான் முதல் அறிவாகக் கொடுத்தார். தொட்டாற்சுருங்கி இலை மடிவதையும், கொடியின் பற்றுக்கம்பி கொம்பைத் தொட்டவுடன் சுற்றிக்கொள்வதையும் இன்றைய தாவரவியல் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. இந்த வழக்கில் தொல்காப்பியர் பக்கமே தீர்ப்பு.

ஆய்வகம் நெல்லின் வயதைக் கணித்த விதமும் இந்த அடிப்படியில்தான் நிற்கிறது. காற்றிலுள்ள கார்பனில் மிக மிகச் சிறிய பங்கு கார்பன்-14. பயிர் காற்றை உண்ணும்போது அதுவும் உள்ளே போகிறது. உண்பது நின்றதும் வரவு நிற்கிறது. இருப்பு மட்டும் கரைகிறது, 5,730 ஆண்டுகளுக்குப் பாதி என்ற கணக்கில். 2,500 ஆண்டு கழித்து நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக மீந்திருக்கும். எஞ்சிய அணுக்களை முடுக்கிக் கருவியில் எண்ணுகிறார்கள். சில மில்லிகிராம் கார்பன் போதும். அதாவது அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது, அரிஸ்டாட்டில் செடியின் உயிர் என்று சொன்ன அந்தத் தொழில் நிற்கும் கணத்தில்.

மலைமேல் இருக்கும் கல்திட்டைகளைப் பாதிரியார்கள் ஆங்கிலேடும் நியூட்டனும் ஆராய்ந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அவற்றில் உடைந்து சரிந்தவை ஏராளம். கொடைக்கானல் போகும்போது செண்பகனூர் அருங்காட்சியகத்தையும் ஒரு கல்திட்டையையும் பாருங்கள். பலகைக்கல் மேல் ஏறாதீர்கள், உள்ளே மண்ணைக் கிளறாதீர்கள். இருந்த இடத்திலேயே இருந்தால்தான் ஒரு நெல்மணியோ ஒரு கரித்துண்டோ தன்னைப் புதைத்தவர்களின் காலத்தைச் சொல்லும்.