பரணில் கிடந்த அப்பாவின் கேமரா... உள்ளே ஆறு படங்கள்!

போகிக்கு இரண்டு நாள் முன்பு மயிலாப்பூர் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். உடைந்த கொலுப் படி, திரி ஸ்டவ், கிழிந்த பஞ்சாங்கங்களுக்கு நடுவே ஒரு தோல் உறை. திறந்தால், அப்பாவின் 'அக்ஃபா கிளிக் 3' கேமரா! பின்பக்கம் இருக்கும் சின்ன சிவப்பு ஜன்னலில் '7' என்ற எண் மங்கலாகத் தெரிந்தது.

அது எதைக் குறிக்கிறது என்று யோசிக்கவே இல்லை. ஆர்வக் கோளாறில் பின்மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே ஃபிலிம் சுருள் இருப்பதைப் பார்த்ததும் பதறி மூடினேன். ஓரிரு விநாடிதான்.

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த மாமாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"திறந்தியா?" அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தலையை ஆட்டினேன்.

"பன்னண்டு படத்துல ஆறு எடுத்திருக்கார் உங்கப்பா. ஏழாவதுக்குத் திருகி வெச்சிருக்கார். கடைசியா எடுத்ததுதான் சுருள்ல மேலே இருக்கும். அதுல வெளிச்சம் பட்டுடுத்து. முதல்ல எடுத்தது உள்ளே பத்திரமா இருக்கலாம். பார்ப்போம்டா" என்றார்.

அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது. அவர் கடைசியாக எதைப் படம் எடுத்தார்? அந்த ஓரிரு விநாடியில் நான் எதை அழித்தேன்? அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வீட்டுக்கு ஒரு கேமரா

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய வீடுகளின் பீரோவையோ பரணையோ குடைந்தால் இப்படி ஒன்று அகப்பட வாய்ப்பு உண்டு. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3, அல்லது அதன் உறவினரான ஐசோலி. கொஞ்சம் வசதியான வீடு என்றால் ஜப்பானின் யாஷிகா. எண்பதுகளில் 'கடக்' விளம்பரத்தோடு வந்த ஹாட் ஷாட். தொண்ணூறுகளில் சுற்றுலாவுக்குத் தூக்கிப்போன கோடக் கேபி 10.

இவற்றில் கிளிக் 3 ரொம்ப எளிமையானது. பேட்டரி கிடையாது. 120 ரக ஃபிலிமில் சதுரமாக 12 படம் எடுக்கும். அதே ஃபிலிமில் ஐசோலி, அளவைச் சுருக்கி 16 படம் எடுக்கும். செலவுக் கணக்கு பார்த்த குடும்பங்களுக்கு அந்த நான்கு படம் பெரிய விஷயம்.

ஃபிலிமும் நம் ஊர்ச் சரக்குதான். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதியே அதனால் உண்டானது. தொண்ணூறுகளில் நலிவடைந்து, பிறகு மூடப்பட்டுவிட்டது. எங்கள் அப்பாவின் கேமராவுக்குள் இருந்ததும் ஒரு 'இந்து' சுருள்தான்.

மயிலாப்பூரின் 'சூப்பர் பாண்டரோசா'

பழைய கேமரா என்றதும் சிலருக்குச் சேகரிக்கும் ஆசை வந்துவிடும். மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக் 4,425 கேமராக்களோடு கின்னஸில் இடம் பிடித்தவர். புகைப்படக் கலைஞர் ஆதித்யா ஆர்யாவின் சேகரிப்பை மையமாக வைத்து, குருகிராமில் 2019-ல் 'மியூசியோ கேமரா' என்ற அருங்காட்சியகமே திறக்கப்பட்டது.

ஆனால், கேமராவை அலமாரியில் அழகாக அடுக்காமல், கடைசிவரை வேலை வாங்கிய ஒருவர் நம் மயிலாப்பூரிலேயே இருந்தார். எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் வாழ்ந்த மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தவர். இந்தியக் காட்டுயிர் எழுத்துக்கும் புகைப்படத்துக்கும் முன்னோடி. 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும் வரை எழுதினார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமாக வந்திருக்கின்றன.

காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்றைக்கும் வியந்து பார்க்கிறார்கள். அவற்றை எடுத்த கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேறெங்கிருந்தோ வந்த பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அவரே முடுக்கி உருவாக்கிய கலவை அது. அவர் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பெயரிலேயே கனம் தெரிகிறது அல்லவா? அதைத் தூக்கிக்கொண்டுதான் காடு காடாக நடந்தார். ஃபிலிம் கழுவுவதையும் பிரின்ட் போடுவதையும் அவரே பார்த்துக்கொண்டார்.

விலை உயர்ந்த கருவி அல்ல, கைக்குப் பழகிய கருவி. பழைய கேமரா விஷயத்தில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

பூட்டி வைத்தால் பூஞ்சை

'பத்திரமாக இருக்கட்டும்' என்று தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டுகிறோமே, அதுதான் கேமராவுக்கு எமன். சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அதற்குத் துணை போகும். நாளாக ஆக, பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அதன் பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

இதற்கு வைத்தியம் எளிது. உறையைத் தனியாக எடுத்து வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுங்கள். ஃபிலிம் இல்லாமலேயே நாலு முறை ஷட்டரை இயக்குங்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொண்டுபோனால், வீடு திரும்பியதும் உப்புக் காற்றின் பிசுபிசுப்பைத் துடைத்துவிடுங்கள்.

வாங்கும் முன், பழுது பார்க்கும் முன்

* லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரிரு தூசி இருந்தால் கவலை வேண்டாம்.

* ஷட்டர் வேகத்தை ஒரு விநாடியில் வைத்து அழுத்துங்கள். பாதியில் நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பலம் கொண்டு திருகாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே எதையும் விடாதீர்கள். அது மெல்லிய ஷட்டர் தகடுகளில் பரவி ஒட்டிக்கொள்ளும்.

* பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். அது தார் போல உருகியிருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டலாம். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது.

* பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, உடனே நன்றாக உலர்த்துங்கள்.

* யாஷிகா எலெக்ட்ரோ 35 வாங்குகிறீர்களா? அதன் பழைய பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரியை அடாப்டரோடு போட்டுக்கொள்ளலாம். ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது 'டக்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு சிதைந்திருக்கலாம். மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

அண்ணா சாலை, எல்லிஸ் ரோடு பக்கம் விசாரித்தால் கேமரா மெக்கானிக்குகளைக் கண்டுபிடிக்கலாம். ஆனால், பல் சக்கரமும் ஸ்பிரிங்கும் உள்ள பழைய கேமராவைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் கேட்கும் கூலி, கேமராவின் விலையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். பேரம் பேசாமல் கொடுங்கள். அவர்கள் இருக்கும்வரைதான் இந்தக் கேமராக்களும் இருக்கும்.

பன்னிரண்டே வாய்ப்பு

'ஃபிலிம் இன்னும் கிடைக்கிறதா?' என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. 2012-ல் கோடக் நிறுவனம் திவால் மனு போட்டபோது ஃபிலிம் கதை முடிந்தது என்றார்கள். ஆனால், கோடக் ஃபிலிம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கறுப்பு வெள்ளை ஃபிலிமும் வருகிறது. 2024-ல் பென்டாக்ஸ் நிறுவனம் புத்தம் புதிய ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. 35 எம்.எம்., 120 இரண்டு ரகங்களும் ஆன்லைனில் கிடைக்கின்றன. மலிவு என்று சொல்ல முடியாது. அதனாலேயே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

கேமராவில் வெளிச்சமானி வேலை செய்யவில்லையா? நம் ஊர் வெயில் போதும். நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பை எஃப் 16-ல் வையுங்கள். ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது அதற்குப் பக்கத்தில். அவ்வளவுதான் கணக்கு. கபாலீஸ்வரர் கோயில் குளக்கரை, ரங்கநாதன் தெரு, அடையாறு ஆலமரம், ஷ்மிட் நினைவுச் சின்னம் என்று ஒரு காலை நேரத்தில் ஒரு சுருளை முடித்துவிடலாம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம். ஆனால், சென்னையில் ஒரு சிக்கல் உண்டு. டி-76 போன்ற கழுவும் மருந்துகளுக்கு 20 டிகிரி வெப்பநிலைதான் கணக்கு. மே மாத மதியத்தில் நம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும்! மருந்து பாட்டிலை ஐஸ் போட்ட பக்கெட்டில் நிறுத்தி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

ஸ்டுடியோ மாமாவும் அதைத்தான் செய்தார். குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, இருட்டில் சுருளைப் பிரித்து டப்பாவில் ஏற்றினார். ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துக் கொடுத்ததுதான் என் பங்கு.

மூன்று படங்கள்

ஈரம் சொட்டும் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் மாமா. ஆறாவது படமும் ஐந்தாவது படமும் முழுக்கக் கறுத்திருந்தன. அது என் கைங்கரியம். நான்காவது கலங்கல். முதல் மூன்றில் மட்டும் உருவங்கள் இருந்தன.

நெகட்டிவைப் பார்க்க லேப் தேடி அலைய வேண்டாம். டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோ வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே நெகட்டிவைப் பிடித்து, போனில் படம் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றினால் போதும். பழைய நெகட்டிவ்களில் வினிகர் வாடை அடித்தால் தாமதிக்காதீர்கள். ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் நகல் எடுங்கள்.

போனை அம்மாவிடம் நீட்டினேன். முதல் படத்தில், அறுபத்து மூவர் உற்சவக் கூட்டம். இரண்டாவதில், எங்கள் வீட்டு வாசலில் பாட்டி. மூன்றாவதில், இரட்டைப் பின்னலோடு அத்தை.

"அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருஷம்டா. எழுபத்தேழு பங்குனி" என்றாள் அம்மா. பிறகு, போனில் அடுத்த படத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. "மீதி?" என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு படங்களில் யார் இருந்தார்கள் என்று இனி யாருக்குமே தெரியப்போவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேமரா கிடைத்தால், திறக்காதீர்கள். சிவப்பு ஜன்னலில் எண் தெரிந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. சுற்றும் திருகை, எண்கள் தீர்ந்து ஜன்னலில் காகிதமும் நகராமல் போகும்வரை சுற்றுங்கள். ஜன்னல் இல்லாத 35 எம்.எம். கேமரா என்றால், தெரிந்தவர் கையில் கொடுங்கள். அதன் பிறகு உங்கள் அவசரம் எல்லாம்!

பொங்கல் முடிந்ததும் அதே கிளிக் 3-ல் புது ஃபிலிம் போட்டேன். முதல் படம், பாட்டி நின்ற அதே வாசலில் அம்மா. இந்த முறை பன்னிரண்டையும் எடுத்து, கழுவி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியாகிவிட்டது. கேமராவில் மிச்சம் எதுவும் இல்லை.