பேசியவளைக் குற்றவாளியாக்காதீர்கள்

  

காலை வேளையில் பெரகலச் சந்தியில் நின்றவர்கள் இக்காட்சியை அறிவார்கள். ஹப்புத்தளைப் பாதையும் வெல்லவாயப் பாதையும் பிரியும் அவ்விடத்தில் பாடசாலை மாணவிகளும் தோட்டங்களிலிருந்து வேலைக்குச் செல்லும் பெண்களும் நெரிசலான பஸ்களில் ஏறிச் செல்கின்றனர். அந்நெரிசலில் ஒரு கயவனின் கை நம் பிள்ளையைத் தீண்டிவிட்டால், மாலையில் வீடு திரும்பும் அவள் அதைத் தன் உம்மாவிடம் சொல்வாளா? சொன்னால், உம்மா முதலில் கேட்கும் கேள்வி என்னவாக இருக்கும்? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, நமது நாட்டில் 90 வீதமான பெண்கள் பஸ்களிலும் ரயில்களிலும் ஒரு முறையேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியுள்ளனர். பொலிஸாரின் உதவியை நாடியோரோ 4 வீதத்தினர் மட்டுமே. 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வு இதற்கான காரணத்தைக் காட்டுகின்றது. துணைவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் 49.3 வீதமானோர் வெட்கத்தினாலும், தம்மையே குறை கூறுவார்கள், தம்மை நம்பமாட்டார்கள் என்ற அச்சத்தினாலும் முறையான உதவியை நாடவில்லை. அநியாயம் செய்தவனைவிட, கேட்கப்போகும் நம்மையே அவர்கள் அதிகம் அஞ்சுகின்றனர். இது நம் தலையைக் குனிய வைக்கும் செய்தியன்றோ?

“இதை வெளியில் சொன்னால் குடும்ப மானம் போய்விடும், நாளை யார் இவளை நிக்காஹ் செய்வார்?” என்கின்றனர் சிலர். பிறர் குறையை மறைப்பது நன்மையல்லவா என்று மார்க்கத்தையும் துணைக்கு அழைக்கின்றனர். தன்னளவில் சறுக்கி விழுந்தவனின் குறையை மறைப்பது வேறு; பிறருக்கு அநீதி இழைத்தவனை மறைப்பது வேறு. தீய சொல் பகிரங்கமாகப் பேசப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை எனக் கூறும் சூரத்துன் நிஸாவின் 148ஆவது வசனம், அநீதி இழைக்கப்பட்டவருக்கு மட்டும் அதில் விதிவிலக்கு அளிக்கின்றது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் பலாத்காரம் செய்தான். அவள் மௌனமாகத் திரும்பிவிடவில்லை. கூக்குரலிட்டாள், வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். “ஏன் தனியே வந்தாய்?” என்று அவள்மீது எவரும் பழி சுமத்தியதாக அச்செய்தியில் இல்லை. அல்லாஹ் அவளை மன்னித்துவிட்டதாகக் கூறி நபியவர்கள் அவளை அனுப்பி வைத்தார்கள். முதலில் தவறுதலாகப் பிடிக்கப்பட்டவர் வேறொருவர். உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டபோது, அந்த நிரபராதிக்கும் நபியவர்கள் நல்வார்த்தை கூறினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெறும் இச்செய்தியில் இரு படிப்பினைகள் உள்ளன. முறையிடுபவளைக் கண்ணியத்துடன் செவிமடுக்க வேண்டும்; குற்றவாளி யார் என்பதை உரியவர்கள் விசாரித்தே தீர்மானிக்க வேண்டும்.

பேசியும் நீதி கிடைக்கவில்லையே, பேசி என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. அயல் நாடான இந்தியாவின் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற ஏழைப் பெண், ஒரு வயதும் நிரம்பாத குழந்தையின் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கும் விதமாக 1992 செப்டம்பரில் தாம் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். மருத்துவப் பரிசோதனை தாமதமானது, ஊர் ஒதுக்கியது, 1995இல் நீதிமன்றம் எதிரிகளை அக்குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர் வாய் மூடவில்லை. அவருக்கு நேர்ந்ததைக் கண்டு பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், வேலைத்தளங்களில் பெண்களைப் பாதுகாக்கும் விதிகளை 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2013இல் அது சட்டமாயிற்று. தனக்குக் கிட்டாத பாதுகாப்பு கோடிக்கணக்கான பெண்களுக்குக் கிட்டுவதற்கு அவரது பேச்சு வழி திறந்தது. ஆயினும் அதற்கான விலையை அவர் தனியே செலுத்தினார். அந்த விலையை விதித்தவர்களில் அவருடைய ஊராரும் அடங்குவர் என்பதை மறந்துவிடலாகாது.

நமது நாட்டிலும் 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆவது பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கெனவே ‘நட்பு நிலையம்’ இயங்குகின்றது.

பெற்றோர்களே! பிள்ளை சொல்லும்போது இடைமறிக்காதீர்கள். “நீ சொன்னது நல்லது, உன்மீது தவறில்லை” என்பதே உங்கள் முதல் வார்த்தையாகட்டும். பலாத்காரம் நடந்திருந்தால் உடைகளைக் கழுவாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொந்தரவு செய்தவன் உறவினனாயினும், ஆசிரியனாயினும், மார்க்கம் போதிப்பவனாயினும் பள்ளிவாசல் அறைக்குள் பேசித் தீர்த்து மூடிவிடாதீர்கள். குற்றத்தை விசாரிப்பது சட்டத்தின் பொறுப்பாகும்.

வாலிபர்களே! பஸ்ஸில் ஒரு சகோதரி குரல் எழுப்பினால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எழுந்து அவளருகில் நில்லுங்கள். அவளுடைய பெயரையோ படத்தையோ கைத்தொலைபேசியில் பரப்பாதீர்கள். அது இரண்டாவது அநீதியாகும்.

அநியாயம் இழைக்கப்பட்டோரின் முறையீட்டைச் செவிமடுக்கும் உள்ளங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.