நகரத் திட்டங்கள் இடம்பெயரும் நெறி: ஆராயும் முறை பற்றிய ஒரு விளக்கம்

ஒரு நகரத்திலே தோன்றிய ஆட்சிமுறையோ அமைப்போ பிறிதொரு நகரத்துக்குச் சென்று வேரூன்றுதல் புதுமையன்று. குழாய்நீர், தெருவிளக்கு, சந்தைக் கட்டடம், சுகாதாரப் பரிசோதகர் என்னும் யாவும் எங்கிருந்தோ வந்தவையே. ஆயினும் அவை வந்த வழியை ஆராய்தற்குத் தனியொரு முறை வேண்டும் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தது. எவ்வரசு முதலிற் சட்டம் இயற்றியது, எவ்வரசு அதனைப் பின்பற்றியது என ஆண்டு வரிசையில் அட்டவணை இடுவதோடு முன்னையோர் பலர் அமைந்தனர். அட்டவணை வரிசையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. முற்பட்டது என்பதனாலேயே ஒன்று பிற்பட்டதற்குத் தாயாகிவிடாது.

இக்குறையை நீக்க முயன்றோருள் யூஜீன் மக்கான், கெவின் வோட், ஜேமி பெக், நிக் தியடோர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். முன்னிருவர் தொகுத்த நூல் 2011 இலும், பின்னிருவர் எழுதிய முறையியற் கட்டுரை 2012 இலும் வெளிவந்தன. திட்டம் ஊர்விட்டு ஊர் செல்லும்போது பண்டம்போல் மாறாது செல்வதில்லை. செல்லுந்தோறும் திரிந்து செல்கின்றது. ஆதலின் ஆராய்வோர் ஓரூரிலே தங்கிவிடாது திட்டத்தின் பின்னே செல்லல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. மானிடவியலார் 1990களிலேயே பல இடங்களைத் தொடர்ந்து ஆராயும் இம்முறையை வகுத்திருந்தனர்.

'பின்னே செல்லல்' என்பது யாது என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தினும் சிறந்த சான்று நமக்கு வேண்டா. கே. எம். செல்லப்பா முதலியோரின் முயற்சியால் 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையிலே தொடங்கிய நூல்நிலையம், அடுத்த ஆண்டிற் பட்டினசபையின் பொறுப்பாயிற்று. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆனபின், பெரியதொரு கட்டடத்துக்கான முயற்சி எழுந்தது. சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகள் அதில் முன்னின்றார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் பெறப்பட்டன. 1954 மார்ச் 29 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 ஆம் நாள் கட்டடம் திறக்கப்பட்டது.

இனி, இரங்கநாதனைப் பின்தொடர்வோம். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்து சென்று பயின்றார். குறொய்டன் நகர நூல்நிலையம் அவர் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. ஊரவர் யாவர்க்கும் நூல்நிலையம் உரியது, அதன் செலவை ஊரின் வரி தாங்கல் வேண்டும் என்னும் கொள்கையின் பயனை அவர் ஆங்குக் கண்டார். அக்கொள்கையோ 1850 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்திலே பிறந்தது. பவுண் ஒன்றுக்கு அரைப்பென்னி வரி விதிக்க அச்சட்டம் இடமளித்தது. ஆனால் அவ்வரிப்பணத்தால் நூல் வாங்குதல் ஆகாது என்றது! கட்டடம் கட்டலாம், நூல்களை அறவோர் தருவர் என எண்ணினர்போலும். 1855 இல் வரி ஒரு பென்னியாக உயர, நூல் வாங்கவும் இடம் பிறந்தது. இரங்கநாதனின் நெடுநாள் முயற்சியால் 1948 இற் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அங்கே வீட்டுவரியில் ரூபா ஒன்றுக்கு 6 பை நூலக வரியாயிற்று.

இலண்டன், சென்னை, யாழ்ப்பாணம் என்னும் இச்சங்கிலி அழகியது. அழகிய சங்கிலியையே ஆராய்வோர் ஐயுறல் வேண்டும். கொழும்பிலே 1925 முதல் நகரப் பொது நூல்நிலையம் இயங்கிவந்தது. ஆட்சித் தொடர்பும் அந்நகரோடுதான் இருந்தது. அவ்வாறாகவும், ஆலோசனைக்குச் சென்னை நாடப்பட்டது ஏன்? ஜெனிபர் றொபின்சன் வற்புறுத்துவதும் இதனையே: திட்டம் புறப்பட்ட இடத்தில் நின்று நோக்காது, அது வந்து சேர்ந்த இடத்தில் நின்று, அதனை வேண்டியோர் யார், முன்பே அவர் கையில் இருந்தவை யாவை என வினவுதல் வேண்டும். சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காலந்தொட்டு யாழ்ப்பாணக் கல்வியாளர் அந்நகரோடு கொண்ட உறவு இவ்வினாவுக்கு ஒரு விடையாகலாம். ஆகலாம் என்பதன்றி ஆயிற்று என்று கூறுதற்குக் கடிதமோ கூட்டக் குறிப்போ வேண்டும்.

திட்டங்கள் எண்ணமாகவன்றிப் பொருளாகவே பயணஞ் செய்கின்றன என்பதையும் மறத்தலாகாது. 1914 இற் பற்றிக் கெடிஸ் சென்னைக்கு வந்தபோது, அவருடைய நகரமைப்புக் கண்காட்சியின் படங்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலை எம்டன் கடலில் அமிழ்த்தியது. நண்பர்கள் புதிதாகச் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டே 1915 இற் கண்காட்சி நடைபெற்றது. 1921 இற் கொழும்பு நகருக்கு அறிக்கை எழுதியவரும் இக்கெடிசே. படச்சுருள் யார் கையில் வந்தது, யார் பார்த்தனர் என்று கேட்பது அற்பக் கேள்வியன்று.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் எதிர்கொள்ளும் இடர் பெரிது. 1981 மே 31 ஆம் நாள் இரவு தொடங்கிய எரிப்பில் நூல்நிலையமும் அதன் 97,000 நூல்களும் அழிந்தன. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரியூட்டப்பட்டது. தன் வரலாற்றைத் தானே காத்திருக்கவேண்டிய நிலையம் அவ்வரலாற்றோடு எரிந்தது. பிற நகரங்களில் 'பின்னே செல்லல்' ஆராய்வோர் விரும்பித் தெரியும் முறை. இங்கே அது தவிர்க்கவொண்ணாத முறை. கடிதத்துக்கு இரு முனைகள் உண்டு. பெற்றவர் படி எரிந்ததாயின், அனுப்பியவர் வைத்த படியைச் சென்னையிலே தேடலாம். கொழும்புச் சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அறிக்கைகளையும், 'இந்து சாதனம்' முதலிய பத்திரிகைகளின் எஞ்சிய இதழ்களையும், 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பையும் ஒப்புநோக்கலாம். முதியோர் வாய்மொழியும் வேண்டும். ஆனால் 1959 இற் சிறுவராயிருந்தோரே இன்று எண்பதை அணுகுகின்றனர். அவர்கள் வாசிகசாலையின் மேசையையும் மௌனத்தையும் நினைவுகூர்வர். மாநகரசபையின் கணக்கை நினைவுகூரார். அன்றியும், இழந்தபின் நினைவு ஒளியேற்றிக் கூறும். ஆதலின் வாய்மொழியை நாள் குறித்த ஆவணத்தோடு பொருத்தியே கொள்ளல் தகும்.

வந்ததை மட்டும் ஆராய்தல் போதாது; வாராததையும் ஆராய்தல் வேண்டும். சென்னையிலிருந்து அறிஞரின் ஆலோசனை வந்தது, வரைபடம் வந்தது, திராவிடக் கட்டட மரபின் சாயல் வந்தது. சென்னைச் சட்டத்தின் உயிர்நாடியாகிய நூலக வரி வரவில்லை. யாழ்ப்பாணத்தார் களியாட்ட விழா நடத்தியும் நன்கொடை திரட்டியும் கட்டடத்தை எழுப்பினர். நிலைத்த வருவாய்க்கு மாற்றாக ஊர்ப்பற்று நின்றது. இது குறையோ சிறப்போ என்று தீர்ப்புக் கூறுமுன், அவ்வரி வாராமைக்குக் காரணம் தேடல் வேண்டும். தனிவரி விதிக்க உள்ளூராட்சிச் சட்டம் இடந்தரவில்லை என்றால், சான்று சட்டப் புத்தகத்திலே கிடைக்கும். உறுப்பினர் வாக்காளருக்கு அஞ்சினர் என்றால், அக்காலத் தேர்தற் செய்திகளிலும் சபை விவாதங்களிலும் அதன் சுவடு இருக்கும். வரியைப் பற்றி எவரும் வாய் திறக்கவேயில்லை என்றால், ஆலோசனை கூறியோரிடம் கேட்கப்பட்டது கட்டடம் பற்றி மட்டுமே என்பது பெறப்படும். அதற்குரிய சான்று சென்னைக்கு எழுதப்பட்ட முதற் கடிதத்தின் வாசகத்திலே உள்ளது.