மூச்சும் இரத்தமும் கூறும் சாட்சி

இரவு நேரத்தில் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் காவலர் வாகனங்களை நிறுத்தி, ஓட்டுநரை ஒரு கருவியில் ஊதச் சொல்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். குடித்த மதுவின் அளவை மூச்சு எப்படிக் காட்டிக் கொடுக்கிறது? அதனை நம்பலாமா?

மது இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைகிறது. அங்கே அதில் சிறு பகுதி ஆவியாகி மூச்சில் சேர்கிறது. 2,100 மில்லி லிட்டர் மூச்சிலுள்ள மது, 1 மில்லி லிட்டர் இரத்தத்திலுள்ள மதுவுக்குச் சமம் என்று கொண்டு கருவி கணக்கிடுகிறது. 1954-இல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் இத்தகைய கருவியொன்றை உருவாக்கினார்.

நின்ற இடத்திலேயே விடை கிடைப்பது மூச்சுச் சோதனையின் சிறப்பு. ஆனால் அந்த 2,100 என்ற விகிதம் எல்லோருக்கும் ஒன்றாக இராது. சாராயச் சத்துள்ள மருந்து நீரால் வாய் கொப்பளித்தவரைக்கூடக் கருவி குடித்தவராகக் காட்டிவிடலாம். ஆகவே 15 நிமிடம் பொறுத்து ஊதச் சொல்வதே முறை.

இரத்தச் சோதனையோ நேராக அளப்பது, துல்லியமானது. ஆனால் மருத்துவர் வேண்டும். ஊசி போடும் இடத்தைச் சாராயம் கலந்த மருந்தால் துடைக்கலாகாது. காலதாமதமும் கூடாது. இரத்தத்திலுள்ள மது மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் வீதம் குறைகிறது. சாலையில் 40 மில்லி கிராம் இருந்தவருக்கு ஒரு மணி நேரம் கழித்து 25 தான் இருக்கும்!

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம் என்கிறது. 203-ஆம் பிரிவு மூச்சுச் சோதனைக்கும், 204-ஆம் பிரிவு இரத்தச் சோதனைக்கும் வழி செய்கின்றன. பெண்ணிடம் ஆண் மருத்துவர் இரத்தம் எடுப்பதானால், மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே.

மது வாடை, தள்ளாட்டம், குளறும் பேச்சு ஆகியவை மட்டும் ஒருவர் குடித்திருந்தார் என்பதற்குப் போதிய சான்றாகா என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அளந்து சொல்லும் சோதனையின் தேவை இதனால் விளங்குகிறதல்லவா?

பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்பது இறைவனின் கட்டளை. கருவியும் ஒரு சாட்சியே. குடிக்காதவரைக் குற்றவாளியாக்குவதும் பொய். குடித்தவரைத் தப்பவிட்டு, சாலையைக் கடக்கும் குழந்தையின் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவதும் பொய். மூச்சு விரைந்து எச்சரிக்கட்டும். இரத்தம் ஐயம் தீர்க்கட்டும். இரண்டும் முறையாகச் செய்யப்பட்டால்தான் நீதி நிலைக்கும். எனினும், எந்தச் சோதனைக்கும் அஞ்ச வேண்டாத வழி ஒன்றுண்டு: குடித்தவர் வண்டியைத் தொடாதிருப்பதே. இதனை நம் இல்லங்களில் அன்போடு எடுத்துரைப்போமாக!